டர்போ கார் தட்டுகிறதா? கோலாலம்பூர் வெயிலில் நாக்கிங்கைக் கண்டுபிடிக்கும் வழி

“அண்ணே, மிதிச்சா கடகடன்னு தட்டுது” என்று பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவரும் பலர் கையில் ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கும். ஆக்டேன் பூஸ்டர் பாட்டில், புது பிளக் நான்கு, இல்லையென்றால் நாக் சென்சார். எப்போது தட்டுகிறது, எந்த கியரில், எவ்வளவு ஆர்பிஎம்மில் என்று கேட்டால் பதில் இருக்காது.

பொருள் வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். டர்போ ஏற்றிய மைவி, ஹாஃப்கட் (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய வண்டி) எஞ்சின் போட்ட வீரா, ஸ்டேஜ் 1 மேப் (எஞ்சின் கணினிக்கு எழுதும் மாற்று புரோகிராம்) ஏற்றிய கோல்ஃப், எஃப்சி சிவிக் என எதுவானாலும் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். செலவில்லாத சோதனை முதலில், ஹெட்டைக் கழற்றுவது கடைசியில், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். பெட்ரோலையும் பிளக்கையும் மேப்பையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், சத்தம் போனாலும் எதனால் போனது என்று தெரியாது. மறுபடி வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் பூஸ்ட்டைக் குறையுங்கள்

சத்தம் கேட்டதும் காலை எடுங்கள். கண்டுபிடிக்கும்வரை முழு மிதி வேண்டாம். பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) கன்ட்ரோலர் இருந்தால் அணைத்துவிட்டு, வேஸ்ட்கேட் (அந்த அழுத்தத்துக்கு எல்லை போடும் வால்வ்) ஸ்பிரிங் தரும் பூஸ்ட்டில் மட்டும் ஓட்டுங்கள். டியூனர் பல மேப் கொடுத்திருந்தால் ஆகக் குறைந்ததை ஏற்றுங்கள். ஆயில் விளக்கு எரிந்தாலோ, சும்மா நிற்கும்போதே ஆழமாக ‘டொக் டொக்’ என்று கேட்டாலோ எஞ்சினை நிறுத்தி இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். அது வேறு கதை, கீழே வருகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

பிளக் பொறி விட்டதும் தீ ஒரு பக்கத்திலிருந்து பரவிக்கொண்டு போகும். மறுகோடியில் இருக்கும் கலவை அதற்குள் நசுங்கிச் சூடாகி, தீ வந்து சேரும் முன் தானாகவே பற்றிக்கொண்டால் அதுதான் நாக்கிங். அப்போது எழும் அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதி அதிரும். 81 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் விட்டம்) உள்ள 4ஜி93 மாதிரி எஞ்சினில் அந்த அதிர்வு ஏறக்குறைய 7 கிலோஹெர்ட்ஸ். நாக் சென்சார் காது கொடுப்பதும் அந்த அலைவரிசைக்குத்தான். கேட்டதும் ஈசியு (எஞ்சின் கணினி) டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பின்னால் இழுக்கும் (தாமதமாக்கும்), பிறகு மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கும். தொழிற்சாலை வண்டியில் இது எப்போதாவது லேசாக நடப்பது சகஜம். பூஸ்ட் கூட்டிய வண்டியில் சிலிண்டர் அழுத்தமும் சூடும் சேர்ந்து ஏறுவதால், பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்பு உடைவது, ஹெட் கேஸ்கெட் போவது, கடைசியில் பிஸ்டனே உருகுவது என்று விலை ஏறிக்கொண்டே போகும்.

நம் ஊரில் இது ஏன் அதிகம் என்று கேட்டால், எனக்கு முதலில் தோன்றுவது வெளிநாட்டு மேப். இணையத்தில் வாங்கும் அமெரிக்க மேப்பில் ‘91’, ‘93’ என்று போட்டிருக்கும். அது நம் ரோன் எண் (பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் ஆக்டேன் அளவு) இல்லை. அவர்கள் கணக்கு வேறு. அங்கே 91 என்றால் இங்கே சுமார் 95, 96. அங்கே 93 என்றால் இங்கே 97, 98. “93 தானே கேட்கிறது, 95 தாராளம்” என்று ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜப்பான் ஹாஃப்கட்டிலும் இதே சிக்கல்தான். அங்கே பிரீமியம் பெட்ரோல் 100-ஐ ஒட்டி விற்கிறது. அதை நம்பி எழுதிய ஈசியுவோடு வந்த 4ஜி93 டர்போவுக்கு இங்கே 95 ஊற்றினால் தட்டத்தான் செய்யும். போகிற போக்கில் ஒன்று: எஞ்சின் மாற்றியிருந்தால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதியும் புஸ்பாகோம் வாகனச் சோதனையும் முடித்து கெரானில் (வண்டிப் பதிவுப் பத்திரத்தில்) ஏற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் நாக்கிங்கைவிடப் பெரிய தலைவலி ரோட்டில் காத்திருக்கிறது.

இரண்டாவது, சூடு. மதியம் 33 டிகிரி வெயிலில் எம்ஆர்ஆர் 2 நெடுஞ்சாலை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தால், இன்டர்கூலரும் இன்டேக் குழாய்களும் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். வழி கிடைத்ததும் ஒரு மிதி மிதிப்போம். தட்டுவது அந்த மிதியில்தான். நம் காற்றின் ஈரப்பதத்தை மட்டும் திட்ட வேண்டாம். காற்றில் உள்ள நீராவி நாக்கிங்கைக் கொஞ்சம் குறைக்கவே செய்யும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் வண்டி ‘லேசாக’ ஓடுவதற்குக் காற்று குளிர்ந்ததும் காரணம்.

படி 1: தட்டுவது நாக்கிங்தானா?

நாக்கிங் சத்தம் தகர டப்பாவில் கோலிக் குண்டு குலுக்கியது போல, மெல்லிசாக, உலோகச் சத்தமாக இருக்கும். பாரம் இழுக்கும்போது வரும், காலை எடுத்த நொடியில் நிற்கும். சும்மா நிறுத்தி ரெவ் செய்தால் பெரும்பாலும் வராது.

கனெக்டிங் ராட் பேரிங் போயிருந்தால் சத்தம் ஆழமாக, மந்தமாக இருக்கும். நியூட்ரலில் 2000 முதல் 3000 ஆர்பிஎம் வரை ஏற்றி இறக்கும்போதே கேட்கும். பெட்ரோல் மாற்றினாலும் மாறாது. மெக்கானிக் ஐடிலில் ஒவ்வொரு சிலிண்டராகச் சில வினாடி வேலை செய்யாமல் நிறுத்திப் பார்ப்பார். குறிப்பிட்ட ஒரு சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் அமுங்கினால் சந்தேகம் அந்த ராட் மேல். காயிலை மட்டும் கழற்றி நீண்ட நேரம் விடாதீர்கள், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரியும். இன்ஜெக்டர் பிளக்கையும் சேர்த்துக் கழற்றுவது நல்லது.

ஃபோர்ஜ்ட் பிஸ்டன் போட்ட எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தட்டி, சூடானதும் அடங்கும். அது பிஸ்டன் ஆட்டம். டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சினில் டிக் டிக் என்று எப்போதும் கேட்பது இன்ஜெக்டரும் ஹை பிரஷர் பம்பும். டவுன்பைப் (டர்போவை அடுத்து வரும் புகைக்குழாய்) மாற்றிய வண்டியில் ஹீட் ஷீல்டு தளர்ந்து ஆடுவது, பைப் கிராஸ்மெம்பரில் முட்டுவது ரொம்ப சகஜம். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் பொய்ச் சத்தங்களையும் நாக் சென்சார் சில நேரம் நம்பிவிடும். ஒன்றுமில்லாததற்கு டைமிங் இழுபட்டு வண்டி சோம்பிவிடும். ஆகவே ஜாக்கில் ஏற்றி, ஸ்டாண்ட் வைத்து, எஞ்சின் ஆறிய பிறகு எல்லாப் பிராக்கெட்டையும் கையால் ஆட்டிப் பாருங்கள்.

சென்சாரையும் இதே சமயத்தில் பார்த்துவிடலாம். பிளாக்கில் நேரடியாக, சுத்தமான உலோகத்தின் மேல் உட்கார வேண்டும். வாஷர் கூடாது. பல எஞ்சின்களில் போல்ட் இறுக்கம் சுமார் 20 நியூட்டன் மீட்டர்தான், உங்கள் எஞ்சின் அளவைக் கையேட்டில் பாருங்கள். அதிகம் இறுக்கினாலும் குறைத்தாலும் சென்சாரின் காது கெடும். பி0325 போன்ற நாக் சென்சார் பழுதுக் குறியீடு பதிவாகியிருந்தால் சென்சாரை மாற்றும் முன் வயரையும் கனெக்டரையும் பாருங்கள்.

படி 2: எப்போது தட்டுகிறது என்று எழுதுங்கள்

போனில் ஒரு குறிப்பு போதும். எந்த கியர், எவ்வளவு ஆர்பிஎம், பூஸ்ட் எவ்வளவு, எஞ்சின் சூடு, வெளியே வெயிலா மழையா, எந்த எண்ணெய் நிலையத்தில் என்ன ஊற்றினீர்கள். மெக்கானிக்குக்கு இந்தக் குறிப்பு உங்கள் விவரிப்பைவிட உதவும். மதியம் மட்டும் தட்டினால் சூட்டுப் பக்கம் போங்கள். அதிக ஆர்பிஎம்மில் மட்டும் என்றால் பெட்ரோல் போதாமல் போவது, அல்லது பூஸ்ட் மேலே ஏறிக்கொண்டே போவது. 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே, உயர்ந்த கியரில், மேட்டில் ஒரே ஒரு பலத்த அடி என்றால் நேராகக் கீழே உள்ள எல்எஸ்பிஐ (குறைந்த ஆர்பிஎம்மில் பொறிக்கு முன்பே பற்றுவது) பகுதிக்குப் போங்கள்.

படி 3: பெட்ரோல்

மானிய விலையில் 95 கிடைக்கும்போது 97-க்குக் கொடுக்க மனம் வராது, புரிகிறது. பூஸ்ட் கூட்டிய வண்டிக்கு அந்த மிச்சம் மிச்சமே இல்லை. டேங்க் காலியாகும்வரை மென்மையாக ஓட்டி, கூட்டமுள்ள நிலையத்தில் 97 நிரப்புங்கள். அரை டேங்க் 95 மேல் 97 ஊற்றினால் கிடைப்பது 96 தான்.

சோதனைக்கு 100 இன்னும் நல்லது. பெட்ரோன் நிலையங்கள் சிலவற்றில் கிடைக்கிறது. ஒரு டேங்க் 100 ஊற்றி, லாக்கில் (ஓட்டும்போது எஞ்சின் எண்களைப் பதிவது, படி 7 பாருங்கள்) டைமிங் இழுப்பு மறைந்தால் தட்டியது உண்மையான நாக்கிங். கொஞ்சமும் மாறாவிட்டால் சென்சார் கேட்பது ஏதோ தளர்ந்த பிராக்கெட்டாக இருக்கலாம். 100-இல் சத்தம் போய்விட்டது, வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இன்டர்கூலர் அடைத்திருந்தாலும், ஒரு இன்ஜெக்டர் குறைவாகத் தெளித்தாலும் 100 அதை மறைத்துவிடும். பழுது அப்படியே இருக்கும்.

ஆக்டேன் பூஸ்டரில் ‘5 பாயிண்ட்’ என்று எழுதியிருப்பது வழக்கமாக 0.5 ரோன். 95 ஐந்து கூடி 100 ஆகாது, 95.5 ஆகும். அந்தக் காசுக்கு 97 ஊற்றலாம்.

படி 4: சூடு

எஞ்சின் ஆறிய பிறகு கூலன்ட் அளவு பாருங்கள். குறைந்துகொண்டே போனால் அதுவே ஒரு துப்பு. இன்டர்கூலர் முன்னால் நம்பர் பிளேட், கூடுதல் லைட் எது மறைக்கிறது என்று பாருங்கள். பெரிய ஃபிரன்ட் மவுன்ட் இன்டர்கூலர் போட்டபோது ரேடியேட்டருக்குக் காற்று போக வழி விட்டார்களா என்பதும் முக்கியம். ஓரத்தில் காற்று தப்பிப் போகாமல் தகடோ ஸ்பாஞ்சோ வைத்து அடைப்பது சில ரிங்கிட் வேலை, பலன் அதிகம்.

இன்டேக் காற்றின் சூட்டை எஞ்சின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவியில் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: சில வண்டிகளில் அந்த சென்சார் ஏர் ஃபில்டர் பக்கம், டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அது காட்டும் 38 டிகிரியை நம்பி நிம்மதியாக இருந்தால், இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்று 65 டிகிரியில் இருக்கலாம். சென்சார் எங்கே என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு விடியற்காலையிலும் மதியமும் ஒரே ரோட்டில் ஓட்டி இரண்டு எண்ணையும் ஒப்பிடுங்கள்.

படி 5: பிளக்கைப் படியுங்கள்

நாலு பிளக்கையும் கழற்றி, சிலிண்டர் வரிசையிலேயே துணி மேல் வையுங்கள். வரிசை மாறினால் பாதித் தகவல் போய்விடும். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளிகளோ, பளபளக்கும் அலுமினியத் துகள்களோ இருந்தால் நாக்கிங் உறுதி, பிஸ்டன் கரைய ஆரம்பித்துவிட்டது. இனி பூஸ்ட்டில் ஓட்டவே வேண்டாம். பீங்கான் வெடித்திருந்தாலும் அப்படித்தான். நான்கில் ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டரைச் சந்தேகியுங்கள். ஒன்று மட்டும் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ரிங், வால்வ் சீல் பக்கம் போகலாம். எல்லாமே எண்ணெய் என்றால் பிசிவியோ (எஞ்சினுள் தேங்கும் ஆயில் ஆவியை வெளியேற்றும் வால்வ்) டர்போ சீலோ. சிலிண்டருக்குள் போகும் ஆயில் ஆவி பெட்ரோலின் ஆக்டேனைக் கீழே இழுக்கும், அதனால் அந்த ஆவியைப் பிடித்து வைக்கும் கேட்ச் கேன் போடுவதில் அர்த்தம் உண்டு.

பிளக்கின் ஹீட் ரேஞ்ச் (நுனியின் சூட்டை எவ்வளவு வேகமாகக் கடத்தும் என்ற அளவு) எண்ணில் ஒரு குழப்பம் இருக்கிறது. என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக். என்ஜிகே 7 என்பது டென்சோ 22, 8 என்பது 24. பாஷ் பிளக்கில் நேர் எதிர், எண் ஏறினால் சூடான பிளக். பூஸ்ட்டைக் கணிசமாகக் கூட்டிய வண்டிக்கு ஒரு படி குளிர்ந்தது சரி. ஆனால் குளிர்ந்த பிளக் தடுப்பது பிளக் நுனி கனன்று முன்கூட்டியே பற்றவைப்பதை. அதிக டைமிங்கினால் வரும் நாக்கிங்கை அது தீர்க்காது. ஆன்லைனில் பாதி விலைக்கு வரும் பிளக்கில் போலி நிறைய, தெரிந்த கடையில் வாங்குங்கள்.

படி 6: காற்றும் பெட்ரோலும் சரியாகப் போகிறதா

இன்டர்கூலர் குழாய் இணைப்பு எங்காவது கசிந்தால் டர்போ அதே பூஸ்ட்டைக் கொடுக்கக் கூடுதலாகச் சுற்றும், காற்று இன்னும் சூடாகும். பட்டறையில் டர்போ வாயை அடைத்து, ரெகுலேட்டர் வைத்துக் குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்கள். நுரை வரும் இடம் கசிவு.

வேஸ்ட்கேட்டுக்குப் போகும் சின்ன ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால் பூஸ்ட் கட்டுக்கடங்காமல் ஏறும். பெரிய டவுன்பைப் போட்ட பிறகு, சின்ன வேஸ்ட்கேட் சமாளிக்க முடியாமல் ஆர்பிஎம் ஏற ஏறப் பூஸ்ட்டும் ஊர்ந்து ஏறுவது இன்னொரு வகை. இரண்டையும் பூஸ்ட் கேஜில் பார்க்கலாம். சாதாரண ஓபிடி தரும் மேப் சென்சார் (இன்டேக் காற்றழுத்த சென்சார், டியூனர் எழுதும் மேப் இல்லை) எண்ணை நம்பினால் அது 255 கிலோபாஸ்கலுக்கு மேல் காட்டாது. அதாவது வெளிக்காற்றின் 1 பாரைக் கழித்தால், ஏறக்குறைய 1.5 பார் பூஸ்ட்டுக்கு மேல் என்ன நடக்கிறது என்று தெரியாது.

பெட்ரோல் பக்கம் ஒரு எளிய கணக்கு. போர்ட் இன்ஜெக்ஷனில் ரெகுலேட்டர் பூஸ்ட்டுக்கு இணையாக அழுத்தத்தைக் கூட்டுகிற வகை என்றால், அடிப்படை 3 பார், பூஸ்ட் 1 பார் வந்தால் கேஜில் 4 பார் காட்ட வேண்டும். 3.4-இல் தடுமாறினால் பம்போ ஃபில்டரோ போதவில்லை. பழைய பம்பை வைத்துக்கொண்டு டர்போவை மட்டும் பெரிதாக்கிய வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். டைரக்ட் இன்ஜெக்ஷனில் ரெயில் அழுத்தம் கேட்டதும் கிடைத்ததும் ஒன்றா என்று லாக்கில் பாருங்கள். முழு பூஸ்ட்டில் வைட்பேண்ட் சென்சார் காட்டும் லாம்டா (காற்று-பெட்ரோல் விகித அளவு) பெரும்பாலான பெட்ரோல் டர்போக்களில் 0.80-ஐ ஒட்டி, அதாவது ஏஎஃப்ஆர் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று) 11.5 முதல் 12 வரை இருக்கும். 13-ஐத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள். ஆனாலும் வைட்பேண்ட் காட்டுவது நாலு சிலிண்டரின் சராசரி. ஒரு இன்ஜெக்டர் மட்டும் அடைத்திருந்தால் சராசரி நன்றாகத்தான் தெரியும், அந்த சிலிண்டர் தனியாகத் தட்டும்.

படி 7: லாக் எடுப்பது

பத்து ரிங்கிட் புளூடூத் ஓபிடி கருவி ஆர்பிஎம், டைமிங், காற்றின் சூடு காட்டும். நாக் எண்ணைப் பொதுவான ஓபிடி பட்டியல் தராது. அதற்கு உங்கள் வண்டிக்கான மென்பொருள் வேண்டும். ஃபோக்ஸ்வாகனில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் எத்தனை டிகிரி இழுபட்டது என்று தெரியும். சுபாருவில் டிஏஎம், மிட்சுபிஷி எவோவில் நாக் சம், ஹோண்டாவில் நாக் கன்ட்ரோல் என்று ஒவ்வொருவரும் வேறு விதமாகச் சொல்வார்கள். ஒன்றின் அளவுகோலை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

முழு மிதி லாக்குக்கு டைனோவோ (வண்டியை உருளை மேல் ஓட்டி அளக்கும் இயந்திரம்), செப்பாங் டிராக் டேயோ போங்கள். நெடுஞ்சாலையில் 4-ஆவது கியரை ரெட்லைன் வரை இழுத்தால் மணிக்கு 110 கிலோமீட்டர் எல்லை எப்போதோ போயிருக்கும். ரோட்டில் பார்க்க வேண்டுமென்றால் கூட்டமில்லாத காலையில், காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில், 3-ஆவது கியரில் பாதி மிதி போதும். லேப்டாப் பக்கத்து சீட்டில் இருப்பவர் கையில் இருக்கட்டும்.

லாக்கில் தேட வேண்டியது: எல்லா சிலிண்டரும் சேர்ந்து இழுபடுகிறதா, ஒன்று மட்டுமா? சேர்ந்து என்றால் பெட்ரோல், சூடு, மேப். ஒன்று மட்டும் என்றால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர், பிளக், கார்பன். ஒரு கியர் மாற்றத்தில் மட்டும் 1, 2 டிகிரி தோன்றி மறைந்தால் நான் பதற மாட்டேன். ஒவ்வொரு இழுப்பிலும் அதே ஆர்பிஎம்மில் 4, 5 டிகிரி என்றால் மேப்பில் கைவைக்க வேண்டிய நேரம்.

படி 8: உள்ளே பார்ப்பது

இத்தனைக்கும் பிறகு விடை இல்லையென்றால் கம்ப்ரெஷன் சோதனை. சூடான எஞ்சின், எல்லா பிளக்கும் வெளியே, பெட்ரோலும் இக்னிஷனும் துண்டித்து, திராட்டில் முழுதாகத் திறந்து. சிலிண்டருக்குச் சிலிண்டர் 10, 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் லீக் டவுன் (சிலிண்டருக்குள் காற்று ஏற்றிக் கசிவைப் பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட், எக்ஸாஸ்டில் சீறினால் வால்வ், ஆயில் மூடி வழியாக வந்தால் ரிங். பிளக் ஓட்டை வழியே போரஸ்கோப் (சின்னக் கேமரா) விட்டுப் பிஸ்டன் ஓரம் தின்றிருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

எல்எஸ்பிஐ: காலை எடுத்தும் பயனில்லாதது

டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போவில் குறைந்த ஆர்பிஎம்மில் அதிக பாரம் கொடுத்தால், ஆயில் துளியோ கார்பன் துகளோ பிளக் பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கும் அளவுக்கு அழுத்தம் வரலாம். நாக் சென்சார் கேட்டு டைமிங்கை இழுத்தாலும் பயனில்லை, ஏனென்றால் பற்றவைத்தது பிளக் இல்லை. தடுக்கும் வழி இரண்டு. மேட்டில் உயர்ந்த கியரில் முக்க விடாமல் கீழ் கியருக்கு இறங்குங்கள். ஆயிலை ஏபிஐ எஸ்பி தரத்தில் ஊற்றுங்கள். 2020-இல் வந்த இந்தத் தரத்தில் எல்எஸ்பிஐ சோதனையும் சேர்ந்திருக்கிறது. டார்க் அதிகம் என்று 1800 ஆர்பிஎம்மிலேயே முழு பூஸ்ட் கொடுக்கும் மேப்பை விற்கிறவர்கள் உண்டு. டைனோ தாளில் அழகாகத் தெரியும், எனக்குப் பிடிக்காது.

டியூனரிடம் போகும்போது

குறிப்பு, லாக், பிளக் நான்கு, ஊற்றிய பெட்ரோல் விவரம் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். மேப் எந்த ரோனுக்கு எழுதியது, இன்டேக் காற்று எத்தனை டிகிரி தாண்டினால் டைமிங்கும் பூஸ்ட்டும் குறையும் என்று கேளுங்கள். பிளாக்கில் மைக் வைத்து ஹெட்போனில் கேட்டுக்கொண்டே டியூன் செய்கிறவர் கிடைத்தால் நல்லது. “நாக் சென்சாரை ஆஃப் பண்ணிட்டேன் தம்பி, இனி சரியாயிடும்” என்று சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

சரிசெய்த பிறகு அதே ரோடு, அதே மதிய நேரம், அதே பெட்ரோலில் இன்னொரு லாக் எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள். சுத்தமாக இருந்தால் பூஸ்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, 0.1 பார் அளவில் ஏற்றி, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு லாக். ஒரு டேங்க் ஓடியதும் பிளக்கை மறுபடி கழற்றி அந்தப் பீங்கானைப் பாருங்கள்.